நிலவுக்கும் சுண்ணாம்பு

எதிர்கால நாகரிகத்தைப் புனையும் கதைகளில், விரிசலைத் தாமே மூடிக்கொள்ளும் சுவர்களும் வேற்றுக்கோளின் மண்ணால் ஆன கற்களும் இடம்பெறுவதுண்டு. படிப்போர் வியப்பர். எனினும், அவ்வியப்பின் வேர் நம் ஊர்ப் பழஞ்சுவர்களிலேயே இருக்கிறது.

சிற்றாற்றங்கரையில் அமைந்த வீரகேரளம்புதூர், ஊற்றுமலை ஜமீன்தார்கள் வாழ்ந்த ஊர். காவடிச்சிந்து தந்த அண்ணாமலையாரை ஆதரித்த ஜமீன் அது. சிமெண்ட் வருவதற்கு முன் தென்பாண்டிச் சீமையில் மாளிகைகளும் கோயில் மதில்களும் சுண்ணாம்புச் சாந்தாலேயே எழுந்தன. காளவாயில் சுட்ட சுண்ணாம்பை நீரில் நீற்றி, மணல் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர்விட்டு அரைப்பர். சுடும்போது வெளியேறும் கரியமில வாயுவை, பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. மயிரிழை விரிசலில் இறங்கும் மழைநீர் சிறிது சுண்ணாம்பைக் கரைத்து அங்கேயே படியச் செய்கிறது. விரிசல் மூடுகிறது.

2020ஆம் ஆண்டில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் இணைந்து நிலவில் கட்டடம் எழுப்புவதற்கான செங்கல் ஒன்றை உருவாக்கின. நிலவு மண்ணை ஒத்த துகள்களுடன் யூரியாவும் பாக்டீரியாவும் கொத்தவரைப் பிசினும் சேர்க்கப்பட்டன. பாக்டீரியா யூரியாவைச் சிதைத்துக் கால்சியம் கார்பனேட் படிகங்களை விளைவிக்கிறது. பிசின் துகள்களைப் பிணைக்கிறது. சுவரில் இறுகிய சுண்ணாம்பும் கால்சியம் கார்பனேட்தான். அங்கே கடுக்காய் தந்த துணையை இங்கே கொத்தவரை தருகிறது.

நிலவுக்குச் சுண்ணாம்பை நாடும் காலத்தில், மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சுவர்கள் சிமெண்ட் பூச்சால் மூடப்படுகின்றன. சிமெண்ட் ஈரத்தை எளிதில் வெளிவிடாது. உள்ளே தங்கிய ஈரத்தால் பழைய செங்கல் பொரிந்து உதிர்கிறது. காக்க நினைத்த கையே சுவரை அழித்துவிடுகிறது.

சாந்து எப்போது பதமாயிற்று என்பதைக் கரண்டியில் அது ஒட்டும் விதம் கண்டே முதிய கொத்தனார் அறிவார். அவர் கை ஓயுமுன் அப்பக்குவத்தை இளைய கை ஒன்று கற்றாக வேண்டும். நாளைய ஆய்வுக்கூடம் தேடப்போகும் விடைகளுள் ஒன்று, இன்று உதிரும் சுவரில் இருக்கக்கூடும்.