இதயம் தடித்தால் பலமா?

இதயத் தசை செல்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. தோல் செல்களைப் போல அவை சுலபத்தில் இரண்டாகப் பிரிந்து பெருகுவதில்லை. 25 வயதில்கூட ஒரு வருடத்தில் நூற்றுக்கு ஒன்றுதான் புதிதாகிறது. ஆக, வேலை கூடினால் புது ஆள் எடுக்க வழியில்லை. இருக்கிற செல்களே தடித்துச் சமாளிக்க வேண்டும். இதற்குப் பெயர் ஹைப்பர்ட்ரோபி.

இந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்பாவின் எக்கோ ரிப்போர்ட் வழியாக. 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டிய இடது வென்ட்ரிக்கிள் சுவர் 13 இருந்தது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னார் டாக்டர். அப்பாவோ, "உடற்பயிற்சி செஞ்சு கை தடிச்சா பலம்ங்கற. இதயம் தடிச்சா மட்டும் வியாதியா? எனக்குத் தலை சுத்தல, மயக்கம் வரல. மாத்திரை எதுக்குடா?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். பாடப் புத்தகத்தைப் புரட்ட வைத்த கேள்வி!

1899லேயே ஸ்வீடனைச் சேர்ந்த ஹென்ஷன் என்ற மருத்துவர், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பைத் தட்டிப் பார்த்தே அவர்களுடைய இதயம் பெரிது என்று கண்டுபிடித்தார். அவர்கள் நோயாளிகள் அல்ல. அப்படியானால் வித்தியாசம் எங்கே? செல்லுக்குள் போகும் செய்தியில்.

உடற்பயிற்சி செய்யும்போது ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி செல்லின் கதவைத் தட்டுகிறது. உள்ளே பிஐ3கே, ஏகேடி என்ற புரதங்கள் வரிசையாக விழித்துக்கொண்டு புரத உற்பத்தியைக் கூட்டுகின்றன. செல் வளர வளர நுண் ரத்தக்குழாய்களும் கூடவே வளர்கின்றன. பயிற்சியை விட்டால் இதயம் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

ரத்தக்கொதிப்பில் தட்டுவது வேறு ஆட்கள். ஆஞ்சியோடென்சின், எண்டோதீலின், நார்அட்ரினலின். இவை செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டிவிடுகின்றன. கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்பும். அது என்ஃபாட் என்ற புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றும். பூட்டு திறந்த என்ஃபாட் நேராக உட்கருவுக்குள் போய், கருவில் இருந்தபோது ஓடி, பிறந்தபின் அடங்கிப்போன ஜீன்களை மறுபடி எழுப்பிவிடும்! செல் தடிக்கும். ஆனால் ரத்தக்குழாய் அந்த அளவுக்கு வளராது. இடையிடையே நார்த்திசு படியும். சுவர் விறைத்துப்போய், இதயம் விரிந்து ரத்தத்தை வாங்கவே திணறும்.

எரிக் ஓல்சன், ஜெஃப்ரி மோல்கென்டின் குழுவினர் 1998ல் எலிகளின் இதயத்தில் கால்சிநியூரினை எப்போதும் விழித்தே இருக்கும்படி செய்து பார்த்தார்கள். இதயம் பெருத்து, செயலிழப்பில் போய் முடிந்தது. சைக்ளோஸ்போரின் கொடுத்தபோது அந்தப் பெருக்கம் தடுக்கப்பட்டது. அப்படியென்றால் அதையே எல்லோருக்கும் கொடுக்கலாமே என்று தோன்றும். முடியாது. அது உறுப்பு மாற்று சிகிச்சையில் நோய் எதிர்ப்பை அடக்கத் தரும் மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும். போதாக்குறைக்கு ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்!

எனவே உள்ளே போய் மல்லுக்கட்டுவதைவிட வாசலிலேயே மறிப்பது நல்லது. லோசார்டன் போன்ற மாத்திரைகள் ஆஞ்சியோடென்சின் தட்டும் கதவை அடைத்துவிடுகின்றன. 2002ல் வெளியான லைஃப் ஆய்வில், இதயம் தடித்த 9,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அட்டெனலாலையும் லோசார்டனையும் ஒப்பிட்டார்கள். ரத்த அழுத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் லோசார்டன் எடுத்தவர்களுக்குத் தடிப்பு அதிகம் குறைந்தது, பக்கவாதமும் குறைவு. தடித்த சுவர் திரும்பவும் மெலியும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி.

அப்பாவுக்கு என்ஃபாட் எல்லாம் சொல்லவில்லை. "பயிற்சி செய்யற கைக்கு ராத்திரி ஓய்வு உண்டுப்பா, கொதிப்பு இருக்கிற இதயத்துக்கு அது கிடையாது" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். இப்போது காலைக் காப்பிக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டையும் இருக்கிறது.

தலை சுற்றவில்லை என்பதால் உள்ளே எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. கால்சியம் சத்தம் போட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. உங்கள் வீட்டிலும் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தால், பெரியவர்களிடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேளுங்கள்.