வாத்துச் சுட்ட ரோச் லைற்

புத்தூர்ச் சந்தியில் நின்றால் நாலு பக்கமும் வழி உண்டு. வடக்கே ஆவரங்கால், வல்லை வெளி தாண்டிப் பருத்தித்துறை. தெற்கே சிறுப்பிட்டி, நீர்வேலி, கோப்பாய் கடந்து யாழ்ப்பாணம். மேற்கே நிலாவரையைத் தொட்டுக்கொண்டு சுன்னாகம். கிழக்கே வாதரவத்தை, அதற்கப்பால் கடல்நீரேரி, மீசாலை. வெளியூர் ஆட்களுக்குப் புத்தூர் என்றால் நிலாவரைக் கிணறுதான். இராமர் அம்பு விட்ட இடம், அடியே கிடையாது, தேசிக்காயைப் போட்டால் கீரிமலையில் போய் மிதக்கும் என்பார்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்பது மட்டும் நிச்சயம். எனக்குப் புத்தூர் என்றால் சந்திக்குச் சற்றுத் தள்ளியிருந்த றேடியோக் கடை.

கடை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பலகைக் கதவு, ஒரு மேசை, அதற்கு மேலே தொங்கும் ஒரு பல்ப், சுவர் முழுக்க வயிறு திறந்த றேடியோக்கள். 'றேடியோ, ரீவி, டெக் திருத்தப்படும்' என்ற போர்ட்டின் கீழே எந்தப் பெடியனோ சோக்கால் 'ரீவி கேம்' என்றும் எழுதிவிட்டுப் போனான். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. மழைக்கு அது அழிந்தபோது தானே பெயின்ற் எடுத்து எழுதினார். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அண்ணைதான். என் அம்மம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவர் தொழில் பழகியது கரண்ட் இல்லாத காலத்தில். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. அரசு தடைசெய்த சாமான்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின, வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது, றேடியோ சைக்கிள் டைனமோவில் பாடியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றவேண்டும். டைனமோவிலிருந்து வரும் 6 வோல்ட்டை அப்படியே றேடியோவுக்குக் கொடுத்தால் பாட்டை விட உறுமல்தான் பெரிதாகக் கேட்கும். நாலு டயோட்டும் ஒரு பெரிய கப்பாசிற்றரும் போட்டு அதை அடக்கவேண்டும். சுற்றுகிறவர் களைத்தால் தமிழோசையில் செய்தி வாசிப்பவரும் களைப்பார். அண்ணை கரியடுப்பில் காய்ச்சிய செம்புக்கோலால் ஈயம் வைத்தே அத்தனையும் செய்தவர். ஒரு சாமான் கெட்டால் புதிதாக இன்னொன்று வரும் என்று நினைக்கவே வழியில்லாத அந்த ஐந்து வருடங்கள்தான் அவருடைய பள்ளிக்கூடம். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனது, அடுத்த வருடம் திரும்பி வந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் கடைக்கே வருகிறேன்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. முகமாலை தாண்டி லொறி லொறியாகச் சாமான் வந்தது. பிளாஸ்ரிக் கதிரை, டிவிடி பிளேயர், சீனத்துப் பொம்மை, அவற்றோடு ரீவி கேம். பெட்டியின் மேல் கார் ஓடும், வீரன் வாள் வீசுவான், ஒரு லட்சம் கேம் இருப்பதாக இலக்கம் போட்டிருக்கும். உள்ளே இருந்த கேம் பத்துப் பதினைந்துதான். மிச்சமெல்லாம் அவற்றுக்கே வேறு வேறு பெயர். கொன்ரா, மாரியோ, ராங்கி, வாத்துச் சுடுகிற கேம். கசெற் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும்.

அவையெல்லாம் யப்பானின் ஃபமிகொம் என்ற பெட்டியின் நகல் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. நின்ரெண்டோ அதை 14,800 யென் விலைக்கு விற்பனைக்கு விட்டது 1983 யூலை 15இல். அடுத்த வாரம் கொழும்பில் என்ன நடந்தது என்பதைத் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. யப்பானியப் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் அந்த மாதம் ஒரே மாதமாக இருக்கவில்லை. அந்தப் பெட்டி எங்கள் சந்திக்கு வந்துசேர இருபது வருடம் பிடித்தது. அதுவும் தாய்வானில் நகலெடுத்த சிப்புகளோடு, எங்கள் ரீவிக்கு ஏற்றபடி நொடிக்கு 50 படம் காட்டும் வகையாக. ஒரு மாரியோ கேம் முழுவதும் 40 கிலோபைற்றுக்குள் அடங்கியிருந்தது. ராசகுமாரி, ஆமை, எட்டு உலகம் எல்லாம் அதற்குள்தான். இன்று காலை வணக்கம் சொல்லி மாமி அனுப்பும் பூப்படம் அதைவிடப் பெரிது.

பூட்டுவதே ஒரு திருவிழா. கூரைக்கு மேலே இரும்புப் பைப்பில் உயர்த்திக் கட்டிய அன்ரெனாவின் வயரைக் கழற்றினால்தான் கேமின் வயரைச் செருகலாம். தூரதர்ஷன் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா எழும்பவேண்டும். பிறகு ரீவியின் சனலைத் திருகித் திருகி, புள்ளி மழைக்குள்ளிருந்து மாரியோவைப் பிடித்து வரவேண்டும். ஒருமுறை பிடித்தால் அந்தத் திருகாணியை யாரும் தொடக்கூடாது.

நோய்கள் எல்லாம் ஊர் நோய்கள். சோழகம் தொடங்கினால் செம்புழுதி கசெற்றின் வாய்க்குள் போகும். கிழக்கே கடல்நீரேரிப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றுக்கு உலோகம் பச்சை பிடிக்கும். சூட்டுக்கு ஆசைப்பட்டு எறும்பு குடியேறும். கேம் வரவில்லையென்றால் உலகத்துப் பிள்ளைகள் எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம்: கசெற்றைக் கழற்றி வாயால் ஊதினோம். அண்ணைக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

"டேய், உன்ர துப்பலுக்குத்தான் உது களிம்பு பிடிக்குது. கொப்பியை அழிக்கிற றப்பர் இருக்கோ? கொண்டா."

கசெற்றின் அறுபது காலையும் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, பாமசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிறிற்றில் பஞ்சைத் தோய்த்துத் துடைப்பார். முக்கால்வாசிக் கேம்கள் அதோடு எழும்பிவிடும். பட்டன் வேலை செய்யாவிட்டால், கையில் பிடிக்கும் பெட்டியைத் திறந்து, றப்பருக்கு அடியில் தேய்ந்த கறுப்புப் பொட்டில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வட்டமாக வெட்டி ஒட்டுவார். கொன்ராவில் சுடுகிற பட்டன்தான் எப்போதும் முதலில் சாகும். வயர் கழுத்தடியில் அறுந்திருந்தால் இரண்டு விரலளவு வெட்டி எறிந்துவிட்டு ஐந்து வயரையும் திரும்ப ஒட்டுவார். எங்கள் வீட்டுக் கொன்றோலரின் வயர் அப்படிக் குறைந்து குறைந்து, கடைசியில் ரீவிக்கு முன்னால் மூக்கு முட்ட இருந்து விளையாடினோம்.

கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த காலம். 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் கறுப்புவெள்ளை ரீவி பல வீடுகளில் இருந்தது. அதைக் கார் பற்றரியில் பூட்டிவிட்டு, அதே பற்றரியில் கேமையும் ஓட்டித் தரச்சொல்லிப் பெடியள் கேட்டோம். கேமுக்குத் தேவை 5 வோல்ட். மிச்ச 7 வோல்ட்டையும் உள்ளே இருக்கும் 7805 என்ற மூன்று கால் சாமான் சூடாக்கியே தீர்க்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் படம் உறைந்துவிடும். அண்ணை ஒரு பழைய தண்ணீர்ப் பம்பிலிருந்து அலுமினியத் துண்டொன்றை வாளால் அரிந்து, 7805இன் முதுகில் வைத்து முறுக்கி, பெட்டிக்கு வெளியே நீட்டிவிட்டார். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்த பம்பின் மிச்சத்தோடு இரவிரவாகக் கொன்ரா ஓடியது. விலை கூடிய பெட்டிகளில் இன்று இதைச் செய்து படம்பிடித்துப் போடுகிறார்கள். அண்ணை இதைச் 'சரிக்கட்டுறது' என்பார், அவ்வளவுதான்.

பாதை திறந்ததும் சாமான் மட்டும் வரவில்லை, வெளிநாட்டுச் சொந்தக்காரரும் வந்தார்கள். கனடா மாமா ஒருவர் தன் பிள்ளைகள் கைவிட்ட சூப்பர் நின்ரெண்டோவைக் கொண்டுவந்து தந்தார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடப்ரர் புகைந்து, கூடமெல்லாம் நாறியது. அண்ணை வேறு அடப்ரர் கட்டி அதை எழுப்பினார், எழும்பியது கறுப்புவெள்ளையில். அமெரிக்க முறையின் நிறம் எங்கள் ரீவிக்குப் புரியவில்லை. மாமா முகம் சுருங்கிப்போனார். "நிறமில்லாட்டி என்ன, ஆள் ஓடுறான்தானே" என்றார் அண்ணை. எங்களுக்கும் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

இனித்தான் துவக்கு. வாத்துச் சுடுகிற கேமுக்கு ஒரு பிளாஸ்ரிக் துவக்கு வரும். எங்களுடையது கறுப்பு, தூரத்தில் பார்த்தால் பிஸ்ரலேதான். அமெரிக்காவில் நின்ரெண்டோவே 80களின் இறுதியில் சாம்பல் நிறத் துவக்கைச் செம்மஞ்சளாக மாற்றியது, யாரும் உண்மையென்று எண்ணிவிடக்கூடாது என்று. நகலெடுத்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. ஒருநாள் துவக்கு வேலை செய்யவில்லை. கடைக்குப் போகும் வழியில் ஆமிச் சென்றி. சமாதான காலம்தான், ஆனாலும் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"உதைக் கொண்டு படலையைத் தாண்டினியெண்டா இருக்குது உனக்கு."

ஆகவே துவக்கை வீட்டிலேயே கழற்றினோம். உள்ளே இருந்தது ஒரு சின்னப் பலகை, ஒரு கண், ஒரு வில்லை, ஒரு சுவிச்சு. அதை மட்டும் சொப்பிங் பையில் போட்டு, மேலே கத்தரிக்காய் வைத்துக் கொண்டுபோனோம். அண்ணை கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பலகையைத் திருத்தினார், பிறகு கொஞ்சம் யோசித்தார். "கொம்மா சொல்லுறது சரி. இதுக்குத் துவக்கு வேண்டாம்" என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய எவர்சில்வர் ரோச் லைற்றை எடுத்தார். பல்ப் இருந்த இடத்தில் கண், கண்ணாடி இருந்த இடத்தில் வில்லை, ரோச்சின் சுவிச்சே விசை. வால்பக்க மூடியில் ஓட்டை போட்டு வயரை வெளியே எடுத்தார்.

அந்த விளையாட்டின் சூட்சுமம் அன்றைக்குத்தான் விளங்கியது. துவக்கிலிருந்து ரீவிக்கு ஒன்றுமே போவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருளும். அடுத்த கணம் வாத்து நின்ற இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் வாத்து விழும். வெளிச்சம் கொடுக்கப் பிறந்த ரோச் எங்கள் வீட்டில் வெளிச்சம் வாங்கியது. தட்டை ரீவிகளில் இந்த வித்தை நடக்காது. படம் வந்துசேரப் பிந்திவிடும். பின்பக்கம் புடைத்த பழைய ரீவியே வேண்டும். ரோச்சால் வாத்துச் சுடுவதைப் பார்க்க ஆவரங்காலிலிருந்தும் பெடியள் வந்தார்கள்.

2006 ஓகஸ்ட்டில் பாதை பூட்டியது. விலைகள் ஏறின, கடை திரும்பவும் பழைய பள்ளிக்கூடமானது. ஒரு கேமின் கப்பாசிற்றர் இன்னொரு கேமுக்குப் போனது. 2007 ஒக்ரோபர் 31ஆம் திகதியோடு ஃபமிகொம் திருத்துவதை நின்ரெண்டோ நிறுத்திக்கொண்டது, உதிரிப்பாகம் தட்டுப்பாடு என்று. புத்தூரில் தட்டுப்பாடு அதைவிட மோசம், ஆனால் திருத்துவது நிற்கவில்லை. பிந்தி வந்த பெட்டிகள்தான் அண்ணையைத் தோற்கடித்தன. முந்தியவற்றில் சிப்புகள் தனித்தனியாக இருக்கும். எது செத்தது என்று தேடலாம். புதியவற்றில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மேலே தார் ஊற்றினதுபோல ஒரு கறுப்புப் பொட்டு. "இதுக்குள்ள போக வாசல் இல்லைத் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இப்போது நான் இருக்கும் நாட்டில் இந்தப் பெட்டிகளைச் சேர்க்கிறவர்கள் நிறையப் பேர். நானும் சேர்க்கிறேன். ஒரு ஃபமிகொம் வாங்கி, அதன் பழைய சனல் வழியை ஒதுக்கிவிட்டுப் படத்தை நேரே சிப்பிலிருந்து எடுக்க ஒரு ட்ரான்சிஸ்டர் போட்டேன். படம் பளிங்காக வருகிறது. மஞ்சளாகிப்போன பிளாஸ்ரிக்கை ஹைட்ரஜன் பெரொக்சைட் பூசி வெயிலில் வைத்து வெள்ளையாக்குகிறார்கள். நான் அதைச் செய்வதில்லை. பெட்டி உடையாத, கை படாத சாமானுக்குத்தான் சேகரிப்பாளர்கள் பெரிய விலை கொடுக்கிறார்கள். எனக்கு அது ஏறவில்லை. கை படாத கேம் என்றால் யாரும் விளையாடாத கேம். பம்புத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி எங்கேயாவது கிடந்தால் கேட்ட விலை கொடுப்பேன், கிடைக்காது.

கடை இருந்த இடத்தில் அண்ணையின் மகன் கைத்தொலைபேசி திருத்துகிறான். அவன் போனில் அண்ணையோடு கதைத்தபோது ரோச் என்னவாயிற்று என்று கேட்டேன். பாதை பூட்டிய காலத்தில் அதைத் திருத்தக் கொடுத்துவிட்டு நாங்கள் திரும்பி எடுக்கவே இல்லை.

"அதோ? திரும்ப ரோச் ஆக்கிப்போட்டன். அந்த நேரம் வாத்தே முக்கியம்?"

"உள்ளுக்கு இருந்த கண், அண்ணை?"

"அது கோழிக்கூட்டில இருக்கு. பொழுதுபட்டா தானா லைற் பத்தும். மின்னலடிச்சா மட்டும் விடிஞ்சுதெண்டு நினைச்சு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. கோழியளும் குழம்புதுகள். அதுக்கொரு கப்பாசிற்றர் போடவேணும்."