ஓரத்தில் ஒரு குறிப்பு

உங்கள் வீட்டில் பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறதா? ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறது. கச்சாயத்துக்கு அரிசி படிக் கணக்கு. வெல்லம் பலக் கணக்கு. அம்மா அதை அடிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் கிராம் கணக்கைக் குறித்து வைத்திருக்கிறாள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எனக்குக் கச்சாயம் வராது!

அந்த நோட்டு ஒரு கம்ப்யூட்டர் வழக்கைத் தீர்த்து வைத்தது என்றால் நம்புவீர்களா?

சேலத்தில் இருக்கும் என் தம்பி, கம்ப்யூட்டர் புரோகிராம்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சோதிக்கும் கட்டளைத் தொகுப்பு ஒன்றைக் கவனித்துக்கொள்கிறான். அதற்கு ஒரு கையேடும் உண்டு.

"பழைய கட்டளையெல்லாம் கையேட்டிலிருந்து எடுத்துட்டேன் அக்கா. இப்பத்தான் சுத்தமா இருக்கு" என்றான் ஒரு நாள், பெருமையாக.

ஒரு வாரத்துக்குள் வந்தது வினை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒரு பழைய புரோகிராமைத் திறந்திருக்கிறாள். அதிலிருந்த கட்டளை ஒன்றின் பெயரே கையேட்டில் இல்லை. தனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று எண்ணி, யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு நாள் தவித்துப் போனாள். வேலையையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், "எல்லாத்தையும் பழையபடி சேர்த்துடட்டுமா?" என்றான். அதுவும் தப்புத்தான். புதிதாகப் படிப்பவர்கள் பழையதையே கற்றுக்கொள்வார்களே!

பைதான் மொழிக்காரர்கள் செய்ததைப் பாருங்கள். அவர்களுடைய 'யூனிட்டெஸ்ட்' என்னும் சோதனைத் தொகுப்பில், கிடைத்த விடையும் வரவேண்டிய விடையும் ஒன்றுதானா என்று பார்க்க 'அசர்ட் ஈக்குவல்', 'அசர்ட் ஈக்குவல்ஸ்' என்று இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று போதுமே! வாலில் 'ஸ்' உள்ளதை இனி உபயோகிக்க வேண்டாம் என்று 2011-ல் வந்த 3.2 பதிப்பில் அறிவித்தார்கள். ஆனால் உடனே தூக்கி எறியவில்லை. கையேட்டில் தனி அட்டவணை போட்டுப் பழைய பெயரையும் சரியான பெயரையும் எதிரெதிரே எழுதினார்கள். 2023-ல் வந்த 3.12 பதிப்பில்தான் நீக்கினார்கள். அப்போதும், போனது எது, அதற்குப் பதில் எது என்று மாற்றக் குறிப்பில் பட்டியல் கொடுத்தார்கள்.

நான் இதைச் சொல்லிவிட்டுப் பாட்டியின் நோட்டை நீட்டினேன். அம்மாவின் பென்சில் எழுத்தைத் தம்பி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் கையேட்டின் முன் பக்கங்களில் புதியவை மட்டுமே. கடைசியில் தனி அத்தியாயம்: பழைய பெயர், எப்போது ஓய்ந்தது, பதிலுக்கு எது. அதைச் சரிபார்க்க அந்தப் பெண்ணிடமே கொடுத்தானாம்.

"இன்னும் ரெண்டு விட்டுப்போச்சுங்க, சார்" என்றாளாம் அவள்!