எல்லையும் உரிமையும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

நிலத்தைப் பகுத்து வாழ்வது தமிழனுக்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நம் முன்னோர் வகுத்தபோது ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு தெய்வத்தையும், ஒரு தொழிலையும், ஓர் ஒழுக்கத்தையும் சேர்த்தே வகுத்தார்கள். இடம் மாறினால் முறையும் மாறும் என்பது அதன் உட்பொருள். இவ்வுண்மை எனக்கு நன்கு விளங்கியது ஒரு கணிப்பொறி விளையாட்டில் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டு மேலே படியுங்கள்.

மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டைப் பலரும் அறிவீர்கள். 2011-ஆம் ஆண்டு முழு வடிவில் வெளிவந்தது. சதுரக் கட்டிகளால் ஆன உலகம் அது. மண்ணைத் தோண்டலாம், மரம் வெட்டலாம், மாளிகை எழுப்பலாம். சர்வர் ஒன்றை அமைத்துவிட்டால் பலர் ஒரே உலகில் கூடி வாழலாம். விடுதி நண்பர்கள் 11 பேர் சேர்ந்து அப்படி ஒன்றை நடத்தினோம். அதைப் பராமரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கட்டும் உரிமை எல்லாருக்கும் இருந்தால் இடிக்கும் உரிமையும் எல்லாருக்கும் இருக்கும். இரண்டு மாதம் பாடுபட்டு நாங்கள் எழுப்பிய நூலகம் ஓரிரவில் தீக்கிரையாயிற்று. எங்களுள் ஒருவர்தான் கொளுத்தியிருக்க வேண்டும்; யாரென்று தெரியவில்லை. மறுநாள் காலை உணவுக்கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. விளையாட்டுதானே என்பார் சொல்லட்டும். எங்கள் நட்பு அன்று ஆட்டம் கண்டது மெய்.

சர்வருக்குப் பிறவியிலேயே ஒரு காவல் உண்டு. எல்லாரும் முதலில் வந்து தோன்றும் இடத்தைச் சுற்றி, நாலாபுறமும் 16 கட்டி தூரம் வரை, நிர்வாகியைத் தவிர வேறெவரும் எதையும் மாற்ற முடியாது. ஆனால் ஓர் ஊரைக் காக்க அது போதாது. ஆகவே வேர்ல்ட்கார்டு என்னும் செருகுநிரலைச் சர்வரில் சேர்த்தோம்.

எல்லை வகுக்கும் கருவி எது தெரியுமா? ஒரு மரக்கோடரி! இடப்பொத்தானை அழுத்தி ஒரு மூலையைத் தொட வேண்டும். வலப்பொத்தானை அழுத்தி எதிர்மூலையைத் தொட வேண்டும். பிறகு ஒரு கட்டளையால் பெயர் சூட்டினால் எல்லை பிறந்துவிடும். கோடரியை வீசிக் கடலிடமிருந்து நிலம் பெற்ற பரசுராமர் கதை நினைவுக்கு வந்தது. ஆனால் தரையில் மட்டும் இரு மூலைகளைத் தொட்டால் பாய் விரித்தாற்போல ஒரு படலம்தான் காவல் பெறும். கீழே சுரங்கம் தோண்டி வருபவரை அது தடுக்காது. அடிப்பாறை முதல் வானம் வரை எல்லையை நீட்ட வேண்டும். 2021-இல் வந்த பதிப்பு முதல் அந்த உயரம் 384 கட்டிகள்.

எல்லைக்குள் செல்லும் விதிகளைக் கொடிகள் என்கிறார்கள். சண்டைக்கு ஒரு கொடி, தீ பரவுவதற்கு ஒரு கொடி, பெட்டியைத் திறப்பதற்கு ஒரு கொடி. நுழைபவரை வரவேற்கும் வாசகத்துக்கும் ஒன்று உண்டு. கடைத்தெருவில் சண்டைக்குத் தடை போட்டோம். ஊருக்கு வெளியே மல்லர் களத்தில் தாராளமாக அனுமதித்தோம்.

உலகம் முழுவதையும் பூட்டிவிடு என்றனர் சிலர். நான் இசையவில்லை. நாளை புதிதாக வரும் முதலாண்டுத் தம்பி ஒரு குடிசை போட எங்கே போவான்? ஊருக்கு மந்தைவெளி வேண்டாமா? வேண்டிய இடத்துக்கு மட்டும் எல்லை வகுத்து மற்றதைத் திறந்தே விட்டோம்.

ஊர் எல்லைக்குள் ஒரு நண்பரின் வீடு இருந்தது. ஊர் விதிப்படி அங்கே எவரும் எதையும் மாற்றக்கூடாது. தம் வீட்டுச் சுவரை அவர் மாற்ற வேண்டுமே! எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது முன்னுரிமை எண் எதற்குப் பெரிதோ அதன் சொல்லே செல்லும். ஊருக்கு 0 என்றும் வீட்டுக்கு 10 என்றும் கொடுத்தோம். ஊருக்குள் இருந்தாலும் அவர் வீட்டில் அவர் சொல்லே நடந்தது.

நூலகத்தைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினோம். சந்தேகத்துக்குரியவர்களை விலக்கலாம் என்றார் ஒருவர். யார் மீது சந்தேகம் என்றதும் அவரே மௌனமானார். முடிவில் 11 பேரையும் உறுப்பினராகச் சேர்த்தோம். உரிமையாளர் என்ற இடத்தை வெறுமையாக விட்டோம். தீ மூட்டுவதற்கும் தீ பரவுவதற்கும் மட்டும் தடை விதித்தோம். அந்தத் தடை எல்லாருக்கும் ஒன்றே.

நிர்வாகியை மட்டும் எந்த எல்லையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தச் சலுகையை அணைத்து வைக்கவும் ஒரு கட்டளை இருக்கிறது. விளையாடும் நேரமெல்லாம் அதை அணைத்தே வைத்தேன். வேலியே பயிரை மேய்ந்தால் காவல் என்ற சொல்லுக்குப் பொருள் ஏது?

நூலகம் மீண்டும் எழுந்தது. கட்டுமான நாட்களில் ஒரு நண்பர் மட்டும் இரவெல்லாம் விழித்து, மற்ற அனைவரையும் விட மிகுதியாகப் புத்தக அடுக்குகளைச் செய்து கொண்டுவந்து சேர்த்தார். காரணம் என்னவென்று நாங்கள் எவரும் கேட்கவில்லை.

செயலைத் தடுக்க எல்லை வேண்டும். மனிதரை ஒதுக்க அது வேண்டாம். கல்லூரி விடுதிக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் இது பொருந்தும் என்றே நம்புகிறேன்.