42 மீட்டர் விளக்கு

டாங்கி மாடல் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே பெயர்: டி-34-85. 1944-இல் சோவியத் படைக்கு வந்த, 85 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய வண்டி. கடைக்குப் போகிறவர்களின் கண் பெரும்பாலும் ஜெர்மனியின் டைகர் பெட்டி மேல்தான் விழும். பேர் பெற்ற டாங்கி, பெட்டிப் படமும் மிரட்டும். ஆனால் டைகரின் சக்கரங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு அடுக்கடுக்காக நிற்பவை. அத்தனையின் ரப்பர் விளிம்புக்கும் கறுப்பு தீட்டி முடிப்பதற்குள் புதியவருக்கு ஆசையே விட்டுப்போகும். டி-34-க்குப் பக்கத்துக்கு ஐந்து ஜோடி பெரிய சக்கரம், அவ்வளவுதான். சரிவான தகடுகள், உடம்பு முழுக்க ஒரே பச்சை. முதல் மாடல் என்பது முடிக்கப்பட வேண்டிய மாடல். பாதியில் பெட்டிக்குள் திரும்பிப் போகிற டைகரைவிட, முடிந்து அலமாரியில் நிற்கிற டி-34 எவ்வளவோ மேல்.

அளவு 1/35. நிஜத்தின் 35-இல் ஒரு பங்கு. ஆறு மீட்டருக்குச் சற்றே கூடுதலான டி-34-இன் உடல், பீரங்கிக் குழாயை விட்டுவிட்டால், பதினேழரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் நிறுத்துகிற வீரனின் உயரம் 5 சென்டிமீட்டர். இந்த 35 எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஜப்பானின் ஷிஜுவோகா நகரில் மரத் தொழிலில் தொடங்கி, மர மாடல்களுக்கும் பிறகு பிளாஸ்டிக்குக்கும் மாறிய நிறுவனம் தமியா. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாடலாகக் கொண்டுவந்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் உட்கார இடம் வேண்டும். அந்த இடத்தை ஒதுக்கி உடலை வடிவமைத்துவிட்டுப் பிறகு கணக்குப் பார்த்தபோது, அது நிஜத்தில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்காக இருந்தது. பல ஆண்டுகள் நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு தமியா சொன்ன கதை இது. ஒரு பேட்டரியின் பருமன் தீர்மானித்த அந்த அளவைத்தான் இன்று உலகம் முழுக்க டாங்கிக் கிட் தயாரிக்கிறவர்கள் பின்பற்றுகிறார்கள்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி எடுக்க நிப்பர், கூரான கத்தி, 400, 600, 1000 நம்பர்களில் உப்புத்தாள், பிளாஸ்டிக் மாடலுக்கென்றே விற்கிற நீர்த்த பசை. அந்தப் பசை நடுவில் நின்று பிடிப்பதில்லை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கி இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விளிம்பில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், இடுக்கு வழியாகத் தானே ஓடிப் பரவும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற என்.சி. தின்னரை மட்டும் மாடலுக்குப் பக்கத்தில் கொண்டுவரவே வேண்டாம். பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

ஒட்டும் வேலையில் நான் அதிக நேரம் நிற்பது டரட்டில். பீரங்கியைச் சுமந்து சுழலும் அந்தத் தலைப்பகுதி, டி-34-இல் உருக்கை அச்சில் ஊற்றி வார்த்தது. போர்க்கால அவசரத்தில் வார்த்தது. அச்சு மணலின் சொரசொரப்பு அதன் மேல் அப்படியே இருக்கும். உடல் தகடுகளோ உருட்டாலையிலிருந்து வந்தவை, அவை சமதளம். கிட்டில் இரண்டும் ஒரே வழவழப்பாக இருந்தால், மாடலுக்கான பட்டியைத் தளரக் கரைத்து டரட்டில் பூசி, காய்வதற்குள் பழைய டூத்பிரஷ்ஷின் நுனியால் குத்திக்கொண்டே போக வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு 600 நம்பர் உப்புத்தாளால் மேலோட்டமாக ஒரு தேய்ப்பு. அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எது வார்ப்பு, எது தகடு என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

பாகங்களை ஒட்டுகிறபோது கவனித்து ஒட்டினால், படித்தபோது மனதில் ஏறாத விஷயங்கள் ஏறுகின்றன. டி-34-இன் முன் தகட்டில் ஓட்டுநருக்கு எதிரே ஒரு கனத்த மூடி இருக்கிறது. அவருக்கு வலப்பக்கம் இயந்திரத் துப்பாக்கியோடு இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அவர் தலைக்கு மேலே மூடி எங்கே என்று கிட்டின் சட்டங்களில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் நிஜத்திலும் கிடையாது. வண்டி தீப்பிடித்தால் ஓட்டுநர் வெளியேறிய பிறகு அதே வழியாக அவர் வர வேண்டும், இல்லையென்றால் தரையில் இருக்கும் சின்ன அவசரக் கதவு. ஐந்து பேர் போன வண்டி. போர் இயந்திரத்தைப் போய் அழகு பார்த்துச் செய்வானேன் என்று கேட்கிறவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். இல்லாத அந்த மூடியை எண்ணித்தான் நான் பதில் சொல்வேன். பெயரும் எண்ணும் மட்டுமே தெரிந்திருந்த ஒரு வண்டிக்குள் மனிதர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குக் காட்டியது இந்த வேலைதான்.

இனி வண்ணம். சொல்ல வந்ததே இதைத்தான்.

என் அக்கா மகன் கல்லூரி விடுமுறையில் என் மேஜையில்தான் தன் முதல் டி-34-ஐச் செய்தான். சுத்தமான கை. சாம்பல் பிரைமர், அதன் மேல் சோவியத் படையின் 4பிஓ பச்சை, டரட்டில் வெள்ளை எண்கள், எல்லாம் பிசகில்லாமல் வந்தன. முடித்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பச்சை கரெக்டா இருக்கு மாமா. அளவும் கரெக்ட். ஆனா பொம்மை மாதிரியே தெரியுதே?”

“நிழல் எங்கடா போச்சு, பாரு” என்றேன்.

டாங்கியைப் பார்த்தான், மேலே விளக்கைப் பார்த்தான். பிறகு இருவரும் கணக்குப் போட்டோம். வானத்தில் சூரியன் அரை டிகிரி அகலமே உள்ள விளக்கு. அதனால் வெயிலில் நிற்கிற நிஜ டாங்கியில் ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு கொக்கியும் வெட்டினாற்போல் நிழல் போடும். மேஜைக்கு மேலே இருக்கும் நாலடி ட்யூப் லைட் 1.2 மீட்டர் நீளம். 35-ஆல் பெருக்கினால் 42 மீட்டர். தலைக்கு மேலே 42 மீட்டர் விளக்கும் சுற்றிலும் வெள்ளைச் சுவரும் வைத்து நிஜ டி-34-ஐயே கொண்டுவந்து நிறுத்தினாலும், அதுவும் நிழலை இழந்து பொம்மையாகத்தான் தெரியும். வடிவத்தைச் சுருக்கிவிடலாம், வீட்டு வெளிச்சம் அதோடு சேர்ந்து சுருங்காது. ஆகவே வெயில் போட வேண்டிய நிழலை நாம் பிரஷ்ஷால் போட வேண்டும். டாங்கிக்கு வண்ணம் தீட்டுவது என்று நான் சொல்வது இந்த வேலையைத்தான்.

இதை முதலில் உணர்ந்தவன் நானல்ல. பெல்ஜியத்தின் ஃப்ரான்ஸ்வா வெர்லிண்டன், அமெரிக்காவின் ஷெப் பெய்ன் போன்றவர்கள் 1970களிலும் 80களிலும் இந்த முறைகளை உலகத்துக்கே பழக்கினார்கள். பிறகு ஸ்பெயின்காரர்கள் வந்து, ஒரே தகட்டின் மேல் விளிம்பை வெளிறவும் கீழ் விளிம்பை அடரவும் தீட்டி, வெயிலையே மாடலின் மேல் வரைந்து காட்டினார்கள். அவர்கள் செய்த சில டாங்கிகள் அளவுக்கு மீறி ஓவியமாகிவிட்டன என்பது என் எண்ணம். ஆனாலும் திசை சரியானது.

தொடங்குகிறவர் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பச்சையில் கொஞ்சம் வெளிர்மஞ்சள் கலந்து ஒரு படி இளக்கிக்கொள்ளுங்கள். முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிற மாடல், நிஜ டாங்கியைப் பத்தரை மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்துக்கு நிறம் சற்று வெளிற வேண்டும் என்பது மாடல் செய்கிறவர்களின் வழக்கம். அக்ரிலிக் பச்சை முழுவதும் காய்ந்த பிறகு ஒரு பளபளப்பு வார்னிஷ். அதன் மேல் பர்ன்ட் அம்பர் ஆயில் கலரை வாசனையற்ற ஒயிட் ஸ்பிரிட்டில் தண்ணீராகக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு போல்ட்டின் அடியில் தொடுங்கள். முழு டாங்கிக்கும் பூசிவிடாதீர்கள், தொட்டால் போதும். பழுப்பு நிறம் போல்ட்டைச் சுற்றி வளைந்து ஓடி, இடுக்கில் போய் நிற்கும். வெல்டிங் கோடு, மூடியின் கீல், இன்ஜின் கிரில் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். கூடிப்போன இடத்தை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் துடைத்துக்கொள்ளலாம். காய்ந்த அக்ரிலிக்கை அது எதுவும் செய்யாது. மருமகன் முதல் போல்ட்டைத் தொட்டதும் அது தகட்டிலிருந்து எழும்பி வந்தது. அன்று ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் அவன் எழுந்திருக்கவில்லை.

பிறகு தேய்மானம். இங்கே 35-ஆம் வாய்ப்பாட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மாடலில் ஒரு மில்லிமீட்டர் கீறல் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் பெயர்ப்பு. ஸ்பாஞ்சுத் துண்டால் வண்ணம் பெயர்ந்த தடங்களைப் போடும்போது, ஆட்கள் ஏறி இறங்குகிற இடத்திலும் மூடிகளின் விளிம்பிலும் மட்டும் போட்டால் நம்பும்படி இருக்கும். துருவும் அப்படித்தான். ஓடுகிற டாங்கியின் சங்கிலி செங்கல் நிறத்தில் இருக்காது. தரையில் உரசும் பகுதி பாலிஷ் போட்ட இரும்பாக மின்னும், மற்ற இடங்களில் மண் அப்பியிருக்கும். ஆரஞ்சுத் துருவுக்கு உரிய இடம், சூட்டில் வண்ணம் எரிந்துபோன புகைக்குழாய்.

சரியான நிறம் எது என்ற கவலை எல்லாரையும் பிடித்து ஆட்டுகிறது. அவர்களுக்கு நான் ஜெர்மானியப் படையின் கதையைச் சொல்வதுண்டு. 1943 பிப்ரவரியில் டாங்கிகளுக்கு அடர்மஞ்சள் அடிநிறம் என்று உத்தரவு வந்தது. அதன் மேல் போட வேண்டிய பச்சையும் செம்பழுப்பும் பசையாக டப்பாவில் அடைத்துப் படைகளுக்குப் போயின. களத்தில் இருந்தவர்கள் அதைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து, கிடைத்த கருவியால் அடித்தார்கள். எவ்வளவு கரைத்தார்கள், யார் கை அடித்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு நிறம். வண்ணக் குப்பியின் எண்ணைப் பார்த்து இரண்டு பேர் சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் போனது இதைப் படித்த பிறகுதான். நம் ஊர்களில் போர் நினைவாக மேடையில் நிற்கிற டாங்கிகளையும் வடிவத்துக்காகப் பாருங்கள். ஆண்டுதோறும் மேலே அடிக்கிற எனாமலை நம்ப வேண்டாம்.

சென்னையில் செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஃபேன் ஓடுகிற அறையில் அக்ரிலிக் துளி கண் எதிரே காய்ந்து போகும். தட்டையான டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்சை விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் வண்ணத்தைக் கலந்தால் மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் உதவும். இன்னொன்று, கடைசியில் அடிக்கிற மேட் வார்னிஷ். மழைக்காலத்தில் ஸ்பிரே கேனால் அடித்தால் காற்றிலுள்ள ஈரம் அதில் சிக்கி, மாடல் முழுக்க வெள்ளை பூத்துவிடும். அத்தனை நிழலையும் அது மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டும் வேலையை வைத்துக்கொண்டு, வார்னிஷைத் தை பிறந்த பிறகு காய்ந்த மத்தியானம் ஒன்றில் அடிப்பதே நல்லது. அவசரம் இருந்தால் பிரஷ்ஷால் பூசுகிற நீர் வார்னிஷ் இருக்கிறது.

மருமகன் அடுத்து டி-72எம்1 கிட்டை எடுத்திருக்கிறான். அதன் இந்தியப் பெயர் அஜேயா, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான வண்டி. குடியரசு தின அணிவகுப்பில் பார்த்த பச்சையும் மணல் நிறமும் வேண்டும் என்கிறான். இரண்டு நிறத்துக்கும் ஒரே நிழல் ஒத்துவராது. பச்சைக்குப் போட்ட அடர்பழுப்பை மணல் நிறத்தின் மேல் தொட்டால் அழுக்காகத் தெரியும். அதற்கு இளம்பழுப்பைத் தனியாகக் கலந்துகொள்ள வேண்டும். இரண்டு நிறமும் சந்திக்கிற ஓரத்தில் எந்தப் பழுப்பைத் தொடுவது என்று கேட்டான். நான் இளம்பழுப்பு என்கிறேன், அவன் அடர்பழுப்பு என்கிறான். ஆளுக்கொரு பழைய பிளாஸ்டிக் தகட்டில் தீட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருக்கிறோம்.