பாலுக்கு ஒரு ஸ்பிரிங், முறுக்குக்கு ஒரு ஸ்பிரிங்

புதன்கிழமை காலை. மணப்பாறைச் சந்தையில் வாங்கிய மாடுகளை ஏற்றிக்கொண்டு வேன்கள் திண்டுக்கல் ரோட்டில் கிளம்பிக்கொண்டிருந்தன. ரோட்டோரத் தகரக் கொட்டகையில் டூவீலர் மெக்கானிக் ஒரு ஸ்பிளெண்டரின் முன் ஃபோர்க்கைத் தலைகீழாகப் பிடித்து, பழைய பெயிண்ட் டப்பாவில் எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தார். வந்தது எண்ணெய் போலவே இல்லை, சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி. இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“நீத்துப் போச்சு சார். இனி பிடிக்காது.”

பிடிப்பது என்று அவர் சொல்வது துள்ளலை. பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் அடுத்த நொடியே எகிறப் பார்க்கும். குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் பொடித் துளைகள் வழியே திணறித் திணறிப் போக வேண்டியிருப்பதால்தான் அந்த எகிறல் அடங்குகிறது. எண்ணெய் நீர்த்துவிட்டால் வண்டி தொட்டில்தான்.

பின்பக்க ஷாக்கில் அவருக்கு வேறு கணக்கு. ஸ்பிளெண்டரின் பின் ஸ்பிரிங்கை ஐந்து படியாக முறுக்கி வைக்கலாம். பால்காரர் வண்டி என்றால் கேட்காமலே கடைசிப் படி. 40 லிட்டர் கேன் ஒன்று நிறைந்தால் பால் மட்டும் 41 கிலோ, அதுவும் பக்கத்துக்கு ஒன்று. முறுக்கு வியாபாரி வந்தால் முதல் படி. “டைட்டா வெச்சா கடைக்குப் போறதுக்குள்ள பாதி முறுக்கு நொறுங்கிருது சார்.” 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முறுக்குக்கு இப்படி ஒரு காவல் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் போனது உண்மையில் அவருடைய அக்கா மகனைப் பார்க்க. கல்லூரி மாணவன். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பிய ரிமோட் ஜீப் ஒன்று அவனிடம் இருந்தது. டிராக்சாஸ் என்ற டெக்சாஸ் கம்பெனி 2017இல் கொண்டுவந்த டிஆர்எக்ஸ்-4. அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு, எடை மூன்று கிலோ சொச்சம். பந்தய வண்டி இல்லை, பாறை ஏறுகிற வண்டி. ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, உடும்பு மாதிரி ஊர்ந்து போகும்.

அதன் ஷாக் நாலும் விரல் நீளம்தான். அதில் ஒன்று அமுங்கியது, எழவே இல்லை. பையன் தலையைச் சொறிந்தான். “மாமா டப்பால மிச்சமிருந்த ஃபோர்க் ஆயில ஊத்திட்டேன்.”

மாமா சிரித்துவிட்டார். “மாப்ள, பிரேக் ஆயில் ஊத்துற எடத்துல இஞ்சின் ஆயில் ஊத்துனா ரப்பர் ஊதிக்கும்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? அதே கததான்.” அதே கதையேதான். இந்தக் குட்டி ஷாக்கின் ஓ-ரிங் சிலிக்கான் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பித் தண்டைக் கவ்விக்கொள்ளும். அதற்குச் சிலிக்கான் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். வெயிலிலும் அது மற்ற எண்ணெய் போலச் சட்டென்று இளகிவிடாது. மணப்பாறைச் சித்திரைக்கு அது முக்கியம். பாட்டிலில் 30 என்று போட்டிருந்தது. இஞ்சின் ஆயில் 30க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த 30, தண்ணீரைவிட ஏறக்குறைய 350 மடங்கு பிசுக்கு.

புது ரிங் மாட்டி, எண்ணெயை விளிம்புவரை நிரப்பி, தண்டை மெல்ல ஏற்றி இறக்கினார். கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. பையன் மூடியை எடுத்தான். “இருடா, இன்னும் வருது.” ஒரு டீ குடிக்கும் நேரம் அதை நிமிர்த்தியே வைத்திருந்தார். உள்ளே காற்று தங்கினால் பிடிப்பு சவசவத்துவிடுமாம்.

கொட்டகைக்குப் பின்னால், முள்ளுக்காட்டைத் தாண்டி ஒரு கரடு. ஊர்ப் பெயரிலேயே பாறை இருக்கும்போது இடத்துக்கென்ன பஞ்சம். பையன் நாலு பக்கமும் மெத்தென்ற ஸ்பிரிங் போட்டிருந்தான். மேடு பள்ளத்தில் வண்டி அழகாகப் போயிற்று. ஒரு சக்கரம் கல்மேல் ஏறினாலும் மற்ற மூன்றும் தரையை விடவில்லை. செங்குத்தான முகத்தில்தான் வினை. முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் உட்கார்ந்து, மல்லாக்கக் கவிழ்ந்தது. மூன்று தடவை. எண்ணெயைக் கெட்டியாக்கலாமே என்றேன், என் மேதாவித்தனத்தை விடாமல். “அப்ப பள்ளத்துல சக்கரம் எறங்க நேரமாகும் சார்” என்றான் பையன்.

மாமா குந்தி உட்கார்ந்து, வண்டியின் பின்பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

“ஏத்தத்துல மொத்த எடையும் பின்னாடிதானடா வருது. பால்காரன் வண்டின்னு நெனச்சுக்க. பின்னாடி மட்டும் டைட்டான ஸ்பிரிங் போடு. முன்னாடி முறுக்கு வண்டியாவே இருக்கட்டும்.”

மாற்றிப் போட பத்து நிமிடம். நாலாவது தடவை பின்பக்கம் அவ்வளவாக உட்காரவில்லை. முன் சக்கரம் வெடிப்பைத் தொட்டுத் துழாவியது, பிடித்தது, ஏறியது. பையன் ரிமோட்டை மாமாவிடம் நீட்டினான். கையெல்லாம் கிரீஸ் என்று வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் கொட்டகைப் பக்கம் ஒரு எக்ஸ்எல் ஹாரன் அடித்தது. பால்காரர்.