மூணு கலர் ஹம்முஸும் அம்மாவும்

அம்மா ஷார்ஜாவுக்கு வந்து பத்து நாள் ஆகியும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. "பசியில்ல மக்களே" என்று தட்டை ஒதுக்கிவிடுவாள். அப்பா போனபிறகு பாறசாலை வீட்டைப் பூட்டிவிட்டு வா என்று வற்புறுத்திக் கூட்டி வந்தவன் நான். அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் தப்பு பண்ணிவிட்டோமோ என்று உறுத்தும்.

போன வாரம் மகளுக்கு ஹம்முஸ் வேண்டுமாம். அதுவும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என மூன்று கலரில். வீட்டிலேயே செய்யலாம் என்று இறங்கினேன்.

முந்தின ராத்திரி கால் கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டு ஊறவைத்தேன். சோடா தோலை இளக்கிவிடும், மைய அரைபடும். காலையில் கழுவிக் குழைய வேகவைத்து, இங்கே தஹினி என்று விற்கிற எள் விழுது நாலு ஸ்பூன், பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்சம் ஐஸ் தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் விட்டேன்.

சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடே, கடலைத் தொவையலா?"

அரபியில் ஹம்முஸ் என்றாலே கொண்டைக்கடலைதான் என்றேன்.

"பின்ன கடலைன்னே சொல்லலாமே!"

கலர் பாட்டிலை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டாள். "கல்யாண வீட்டு பீட்ரூட் கிச்சடிக்கு கலர் பாட்டிலா வாங்குனோம்?" பீட்ரூட்டைத் தோலோடு வேகவைத்து அரைத்தாள். எலுமிச்சைப் புளிப்பு பட்டதும் சிவப்பு பளிச்சென்று நின்றது. பச்சைக்கு மல்லித்தழையும் ஒரு பச்சை மிளகாயும். மஞ்சளுக்கு, மஞ்சள்தூளைப் பச்சை வாசனை போக எண்ணெயில் லேசாகக் காட்டிக் கலந்தாள். கடைசியில் ஆலிவ் எண்ணெயைத் தள்ளி வைத்துவிட்டு, தேங்காயெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து மேலே கொட்டினாள். அரபிகள் மன்னிக்கட்டும் :-)

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. அம்மா பிறந்த வீடு களியக்காவிளைக்கு அந்தப்பக்கம், வாழ்க்கைப்பட்டது இந்தப்பக்கம். இங்கே ஆபீசில் மலையாளிகளுக்கு நான் பாண்டி, தமிழர்களுக்கு மலையாளி. இரண்டு பக்கமும் விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போது சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

அம்மா தோசையைப் பிய்த்து மூன்று கலரையும் தொட்டுத் தின்றாள். பிறகு தட்டை நீட்டி, "கொள்ளாம், இன்னும் கொஞ்சம் வை" என்றாள்.

"கொள்ளாம்னா தமிழா, மலையாளமா பாட்டி?" என்றாள் மகள்.

"நம்ம ஊருப் பேச்சு."

வந்து பத்து நாளில் அம்மா இரண்டாவது தோசை கேட்டது அன்றுதான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கை கழுவிவிட்டு வந்து மெதுவாகக் கேட்டாள்: "மக்களே, ஊருக்கு எப்ப டிக்கெட் போடுவ?"

அடுத்த மாதம் கொண்டுபோய் விடப்போகிறேன். பெட்டியில் தஹினி ஒரு டப்பா வைக்கச் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டாருக்குச் செய்து காட்ட வேண்டுமாம்.

பி.கு: ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். தாளிப்பை மட்டும் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளுங்கள்.